உயிருள்ள பொடி

"அவளை உள்ள தள்ளணும் சிஸ்டர். ஜாமீன்கூடக் கிடைக்கக் கூடாது."

அருண்பிரசாத் இதைச் சொன்னபோது குரலை உயர்த்தவில்லை. கத்துகிறவனைச் சமாளித்துவிடலாம், இப்படிப் பல்லைக் கடித்துக்கொண்டு மெதுவாகப் பேசுகிறவன்தான் வம்பு என்று ரேணுகாம்பாளுக்குத் தெரியும். முப்பது வருஷம் அரசு ஆஸ்பத்திரி வார்டில் குப்பை கொட்டியவள் அவள். நர்ஸ் வேலையை விட்டு, திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு மாடியில் துப்பறியும் நிலையம் என்று போர்டு மாட்டி, இந்த 2004 மே மாதத்தோடு நாலு வருஷம். ஆனாலும் ஊருக்கு அவள் இன்னும் சிஸ்டர்தான்.

அவன் ஒரு மஞ்சள் பையை மேஜைமேல் கவிழ்த்தான். விரல் நீளத்துக்குக் காலி பாக்கெட்டுகள் கொட்டின. எல்லாவற்றிலும் இங்கிலீஷ் எழுத்து, ஓரத்தில் செங்கம் ரோட்டுக் கடை ஒன்றின் ஸ்டிக்கர்.

"இன்னா சார் இது, பாக்கு வியாபாரமா?" என்றான் காசி. காசி அவளுடைய உதவியாளன். ஆட்டோவும் அவனுடையது, வாயும் அவனுடையது. இரண்டுக்கும் பிரேக் சரியில்லை.

"ப்ரோபயாடிக் பொடி. வயித்துக்கு நல்ல கிருமியாம். எங்கப்பாவைக் கொன்னது இதுதான்."

"நல்லதே இந்த லட்சணம்னா..."

ரேணுகாம்பாள் ஒரு பார்வை பார்த்தாள்.

கதை நீளமில்லை, ஆனால் கேட்கக் கேட்க எரிச்சல் வரும் கதை. கீழ்பென்னாத்தூர் ரைஸ் மில் அப்பாதுரைக்கு மூன்று வருஷத்துக்கு முன்னால் இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. மனைவி தங்கம்மாள், அதாவது அருண்பிரசாத்தின் அம்மா, தன்னுடையதில் ஒன்றைக் கொடுத்துப் பிழைக்கவைத்தாள். மனிதர் தேறி எழுந்தார், மில்லுக்குப் போனார், மீசைக்கு மை தீட்டினார். ஒரு வருஷம்கூட ஆகவில்லை. 'ஒத்தக் கிட்னிக்காரியால குடும்பம் நடத்த முடியாது' என்று ஊரறியச் சொல்லிவிட்டு, தன்னைவிட இருபத்தைந்து வயது குறைந்த ஆதிலட்சுமியைக் கட்டிக்கொண்டு வந்தார். தங்கம்மாள் மகனோடு திருவண்ணாமலையில் வாடகை வீட்டுக்கு வந்துவிட்டாள். செத்தவரைத் திட்டக் கூடாது என்பார்கள், அதனால் ரேணுகாம்பாள் மனசுக்குள் மட்டும் திட்டிக்கொண்டாள்.

பதினைந்து நாளைக்கு முன் அப்பாதுரை காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார். ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டை அருண்பிரசாத் நீட்டினான். ரத்தத்தில் ஈஸ்ட், அதாவது ரொட்டி மாவைப் புளிக்கவைக்கிற கிருமி, வளர்ந்திருந்தது. இந்தப் பொடியில் இருக்கிற அதே வகை.

"நாம சாப்பிட்டா?" என்றான் காசி.

"உனக்கும் எனக்கும் ரெண்டு நாள் வயிறு உப்பும், காத்து பிரியும், அப்புறம் ஒண்ணுமில்ல," என்றாள் ரேணுகாம்பாள். " எத்தனையோ பேருக்கு நல்லதுகூட செய்யும். கிட்னி மாத்தினவங்க கதை வேற. புது கிட்னியை உடம்பு தள்ளிடாம இருக்க, எதிர்ப்பு சக்தியை மாத்திரை போட்டு அடக்கி வெப்பாங்க. காவக்காரனைத் தூங்க வெச்ச மாதிரி. அப்ப உசுரோட உள்ள போறது குடலைத் தாண்டி ரத்தத்துல எறங்கிடலாம். எல்லாருக்கும் எறங்காது. எறங்கினா காப்பாத்துறது கஷ்டம்."

"அவ தெரிஞ்சேதான் குடுத்தா," என்றான் அருண்பிரசாத். "மாசக்கணக்கா தினம் கஞ்சில கலந்து குடுத்திருக்கா. இன்ஸ்பெக்டர்கிட்ட போனா, வயித்துப் பொடி குடுத்ததுக்கெல்லாம் கேஸ் போட முடியாது, தெரிஞ்சு குடுத்தானு காட்டுனு சொல்லிட்டார். நாளைக்குக் கருமாதி. சொந்தபந்தம் எல்லாம் பந்தல்ல இருக்கும். அத்தனை பேர் முன்னாடி போலீஸ் அவளை இழுத்துக்கிட்டுப் போறதை எங்கம்மா கண்ணால பாக்கணும். அதுக்கு ஆதாரம் குடுங்க."

"ஆதாரம் எங்க போகுதோ அங்கதான் நானும் போவேன். பரவால்லையா?"

"எங்க வேணா போங்க. அவகிட்டதான் போய் நிக்கும்."

பதினோரு மணிக்கு ஆட்டோ கீழ்பென்னாத்தூர் மில் வீட்டு வாசலில் நின்றது. கூடத்தில் அப்பாதுரையின் படத்துக்கு மாலை போட்டிருந்தது. உறவுக்காரர்கள் ஆதிலட்சுமியின் டிரங்குப் பெட்டியை ஏற்கெனவே மாட்டுக் கொட்டகையில் கொண்டுபோய் வைத்துவிட்டார்கள். அவளே அடுப்படியில், எந்த நிமிஷமும் எழுந்து போகச் சொல்வார்கள் என்கிற மாதிரி ஒடுங்கி உட்கார்ந்திருந்தாள்.

"பொடி குடுத்தியாம்மா?"

"குடுத்தேங்க." மறைக்கவே இல்லை. "மாத்திரை சாப்பிட்டு சாப்பிட்டு வயிறு சரியில்லைனு அவரேதான் யார்கிட்டயோ கேட்டுக்கிட்டு வந்து வாங்கச் சொன்னாரு. தினம் காலைல ஒரு பாக்கெட்."

"எப்படிக் குடுத்த? என்கிட்ட செஞ்சு காட்டு."

ஆதிலட்சுமி எழுந்தாள். குண்டானில் கஞ்சி வைத்தாள், மிச்சமிருந்த ஒரு பாக்கெட்டைப் பிரித்துக் கொட்டினாள், அடுப்பைத் தூண்டிவிட்டாள். கஞ்சி தளதளவென்று கொதித்தது. அவள் இறக்கவில்லை. இன்னும் கொதித்தது.

"மூணு கொதி வரணுங்க. ஆஸ்பத்திரில சொல்லி அனுப்பிச்சாங்களே, எதுவா இருந்தாலும் நல்லா கொதிக்க வெச்சுத்தான் குடுக்கணும்னு. தண்ணி, பால் எல்லாம் அப்படித்தான். வாழைப்பழத்தைக்கூட ஆவில வெச்சுத்தான் குடுப்பேன்."

"வாழைப்பழத்தையா!" என்றான் காசி. "அவரு செத்தது காய்ச்சல்லயா, உங்க சமையல்லயா?"

ரேணுகாம்பாளுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டு குண்டானை இறக்கி வைத்தாள். வார்டில் சொன்னதை இவ்வளவு ஒழுங்காகக் கடைப்பிடித்த ஒருத்தியை முப்பது வருஷத்தில் அவள் பார்த்ததில்லை.

"அந்தப் பொடியில இருந்ததே உசுரு மட்டும்தாம்மா. அதை நீ தினமும் கொன்னுட்டுதான் கஞ்சியைக் குடுத்திருக்க. உன் கஞ்சி அவரை ஒண்ணும் பண்ணல."

ஆதிலட்சுமி புரியாமல் பார்த்தாள். பிறகு மெல்ல, மாட்டுக் கொட்டகைப் பக்கம் திரும்பிக்கொண்டு அழ ஆரம்பித்தாள்.

ஒரு டம்ளர் கஞ்சியை மூடி போட்டு எடுத்துக்கொள்ளச் சொல்லி காசியிடம் ஜாடை காட்டிவிட்டு, ரேணுகாம்பாள் கூடத்துக்கு வந்தாள். என்ன இருந்தாலும் இறந்தவர் வீடு. படத்துக்கு ஒரு கும்பிடு போட்டு, பக்கத்தில் சாமி மாடத்திலிருந்த டப்பாவில் ஒரு சிட்டிகை திருநீறு எடுத்து, நெற்றியில் கீறி, மீதியை வழக்கம்போல் வாய்க்குக் கொண்டுபோனாள். உதட்டருகே விரல் நின்றது. திருநீறில் வரக் கூடாத வாடை. பேக்கரி வாசலைத் தாண்டும்போது அடிக்குமே, அந்தப் புளித்த மாவு வாடை.

"இது யாரு பூசிக்கிறது?" என்று பின்னாலேயே வந்த ஆதிலட்சுமியைக் கேட்டாள்.

"அவருதாங்க. மாத்திரைக்கு முன்னாடி ஒரு சிட்டிகை வாயில போட்டுக்கிட்டாதான் அவருக்கு மாத்திரையே எறங்கும்."

"எல்லாத்தையும் கொதிக்க வெச்சியே, இதை?"

ஆதிலட்சுமி கண்ணைத் துடைத்துக்கொண்டு அவளை ஒரு மாதிரி பார்த்தாள். "இன்னா சிஸ்டர், சாமி துன்னூறை யாராவது கொதிக்க வெப்பாங்களா?"

வைக்கமாட்டார்கள். இந்த ஜில்லாவில் ஒருத்தரும் வைக்கமாட்டார்கள். அதைத் தெரிந்த யாரோ ஒருவர்தான் வேலையைக் காட்டியிருக்கிறார் என்று ரேணுகாம்பாளுக்கு அந்த நிமிஷமே உறைத்தது.

"யாரு கொண்டாந்து குடுத்தது?"

"தம்பிதான். அருண்பிரசாத். பௌர்ணமிக்குப் பௌர்ணமி மறுநாள் கொண்டாரும். உள்ளகூட வராது, வாசல்லயே குடுத்துட்டுப் போயிடும். நான் இங்க வந்ததுலேருந்தே வருது."

டப்பாவும் ஆட்டோவில் ஏறியது. திருவண்ணாமலைக்குத் திரும்பும் வழியில் காசி வண்டியை மெதுவாக்கிப் பின்னால் திரும்பிப் பார்த்தான்.

"சிஸ்டர், நம்மளைக் கூப்பிட்டவனையே நாம மாட்டிவிட்டோம்னா அடுத்த கேஸுக்கு எவன் வருவான்?"

"வண்டியை ஓட்டு. கோயில் நடை சாத்தறதுக்குள்ள போய்க் கொஞ்சம் துன்னூறு வாங்கிட்டு வா. அப்படியே கோபுரத்து வாசல்ல மூணு பலூன்."

"பலூனா? கருமாதிக்கா?"

ஆபீஸ் ஜன்னலில் நல்ல வெயில். மூன்று காலி கலர் பாட்டில்களில் வெதுவெதுப்பான சர்க்கரைத் தண்ணீர் ஊற்றினாள். ஒன்றில் ஆதிலட்சுமியின் கஞ்சியைக் கலந்தாள். இரண்டாவதில் காசி அப்போதுதான் கோயிலிலிருந்து கொண்டுவந்த திருநீறு. மூன்றாவதில் மில் வீட்டு டப்பாத் திருநீறு. மூன்றின் வாயிலும் ஒவ்வொரு பலூனை மாட்டினாள்.

"உசுரு இருந்தா சர்க்கரையைத் தின்னும். தின்னா காத்து விடும்," என்றாள்.

"நம்மளை மாதிரியேதான்," என்றான் காசி.

பாட்டில்களை வெயிலுக்கு விட்டுவிட்டு, இருவரும் செங்கம் ரோட்டுக்குப் போனார்கள். ஆசிரமத்துப் பக்கம் வெள்ளைக்காரர்களுக்குக் கோதுமை ரொட்டியும் வேர்க்கடலை வெண்ணெயும் விற்கிற கடை அது. முதலாளி முருகையன், போலீஸ் இல்லை என்று தெரிந்ததும் தைரியமானார்.

"அதெல்லாம் ஒண்ணும் ஆகாதுங்க. நானே சாப்பிடறேன். வெள்ளைக்காரங்க சாக்லேட் மாதிரி வாங்கிட்டுப் போறாங்க. கொஞ்சம் காத்து ஜாஸ்தியா போகும், அவ்வளவுதான்."

"டப்பாக்குள்ள ஒரு சீட்டு இருக்குமே, அதைப் படிச்சிருக்கீங்களா?"

முருகையனின் முகம் மாறியது. கல்லாப்பெட்டியை மூடினார், திறந்தார், மறுபடியும் மூடினார்.

"முதல்ல வந்த சின்னப் பொண்ணுக்கு நான் படிச்சுக் காட்டலைங்க. யாருக்குனும் நான் கேக்கல, அதுவும் சொல்லல. அது என் தப்புதான். ஆனா ரெண்டாவதா வந்த அம்மாவுக்குப் படிச்சுக் காட்டினேன்."

"ரெண்டாவதா வந்த அம்மாவா?"

"மாசி மாசம் இருக்கும். காலி பாக்கெட் ஒண்ணைக் கொண்டாந்தாங்க. எங்க கடை ஸ்டிக்கர் இருந்துச்சு. இதுல இன்னா எழுதியிருக்குனு படிச்சு சொல்லுனு கேட்டாங்க. சீட்டை எடுத்து வரிக்கு வரி தமிழ்ல சொன்னேன். சூடா இருக்கிறதுல போட்டா செத்துடும்னு சொன்னேன். கிட்னி மாத்தினவங்க, கேன்சருக்கு ஊசி போட்டுக்கறவங்க, இவங்கல்லாம் டாக்டரைக் கேக்காம சாப்பிடவே கூடாது, ரத்தத்துல ஏறி உசுருக்கே ஆபத்தாகலாம்னு போட்டிருந்துச்சு. அதையும் சொன்னேன். கேட்டுக்கிட்டாங்க. அந்தக் கடைசி வரியை மட்டும் இன்னொரு வாட்டி படிக்கச் சொன்னாங்க."

"அப்புறம்?"

"அப்ப ரெண்டு டப்பா குடுனு சொன்னாங்க."

காசி கையில் எடுத்திருந்த ரொட்டியைத் திரும்ப அலமாரியில் வைத்தான்.

"அடையாளம்?"

"ஐம்பது வயசுக்கு மேல இருக்கும். உக்காரும்போதும் எந்திரிக்கும்போதும் இடுப்பை ஒரு பக்கமா புடிச்சுக்கிட்டாங்க. ஆபரேஷன் ஆன உடம்புனு சொன்னாங்க."

ரேணுகாம்பாள் கடையை விட்டு வெளியே வந்து அருண்பிரசாத்துக்குப் போன் போட்டாள். "ஆதாரம் கிடைச்சாச்சு. அஞ்சு மணிக்கு வாங்க. உங்கம்மாவையும் கூட்டியாங்க."

"அம்மாவையுமா? ரொம்ப நல்லதா போச்சு சிஸ்டர்!" என்றான் அவன். அந்தச் சந்தோஷத்தைக் கேட்க அவளுக்குச் சகிக்கவில்லை.

ஐந்து மணிக்கு அம்மாவும் மகனும் மாடி ஏறி வந்தார்கள். தங்கம்மாள் ஒவ்வொரு படியிலும் இடது விலாவில் கை வைத்து நின்று நின்று ஏறினாள், காசி அவளோடு பேசிக்கொண்டே பின்னால் வந்தான். நெற்றி நிறையத் திருநீறு, காதில் பழைய கம்மல், கண்ணில் தூக்கமே இல்லை. நாற்காலியில் உட்கார்ந்ததும் ஜன்னலைப் பார்த்தாள்.

கஞ்சி பாட்டிலின் பலூன் துவண்டு தொங்கியது. கோயில் திருநீறு பாட்டிலிலும் அப்படியே. மூன்றாவது பாட்டிலில் நுரை பொங்கியிருந்தது, பலூன் ஒரு கொய்யாப்பழ அளவுக்கு உப்பி நிமிர்ந்து நின்றது.

ரேணுகாம்பாள் ஒவ்வொன்றாக விளக்கினாள். அருண்பிரசாத்துக்குக் கஞ்சி விஷயம் பிடிக்கவில்லை, ஆனால் மூன்றாவது பாட்டிலைக் கேட்டதும் துள்ளி எழுந்தான்.

"பாத்தீங்களா! துன்னூறுல கலந்திருக்கா! கஞ்சியைக் கொதிக்க வெச்சு நல்லவ வேஷம் போட்டுட்டு, சாமி துன்னூறுல வெச்சிருக்கா படுபாவி!"

"அந்தப் பொடி சூட்டுல செத்துடும்னு அவளுக்குத் தெரியவே தெரியாது. இன்னைக்குக் காலைல என் கண்ணு முன்னாடியே கொதிக்க வெச்சா. அது இருக்கட்டும், இந்தத் துன்னூறு அந்த வூட்டுக்கு எப்படிப் போச்சு?"

"நான்தான் கொண்டு போனேன். பௌர்ணமிக்குப் பௌர்ணமி. அம்மா கிரிவலம் சுத்திட்டு வந்து..."

அவன் மெல்ல அம்மா பக்கம் திரும்பினான்.

"பொட்டலம் மடிச்சுக் குடுத்தது நான்தான்," என்றாள் தங்கம்மாள், இன்னும் பலூனையே பார்த்துக்கொண்டு. "எப்பவும் குடுக்கிறதுதான். புருஷன் தொரத்திவுட்டாலும் துன்னூறு அனுப்பறாளேனு ஊர்ல என்னைப் புகழ்ந்தாங்க. நீதான் ஒரு நா அந்த வூட்டு வாசல்ல கெடந்த காலி பாக்கெட்டைக் கொண்டாந்து, அவ இன்னாவோ பொடி குடுக்கிறா பாரும்மானு காட்டின."

"அம்மா, வேணாம்மா..."

"செங்கம் ரோட்டுக் கடைக்காரர் சொல்லிட்டார்," என்றாள் ரேணுகாம்பாள். "கூட்டியாரச் சொல்லவா?"

"வேணாம் சிஸ்டர். அந்தாளு நல்லா பொறுமையா படிச்சான்." தங்கம்மாள் எட்டி, மேஜைமேல் இருந்த டப்பாவைத் திறந்தாள். ஒரு சிட்டிகை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். அருண்பிரசாத் அலறினான். "பதறாதடா. அனுப்பறதுக்கு முன்னாடி பத்து நாள் நானே தின்னு பாத்துட்டேன். ரெண்டு நாள் வயிறு உப்புசம், அவ்வளவுதான். குடும்பம் நடத்த லாயக்கில்லாத ஒத்தக் கிட்னிக்காரிக்கே ஒண்ணும் ஆகல பாருங்க. எந்தக் கோர்ட்லயும் இதைத் தின்னு காட்டுவேன்."

"உங்களுக்கு ஆகாது, அவருக்கு ஆகலாம்னு தெரிஞ்சு குடுத்தீங்க. அதுதான் கேஸு."

"ஆமா. தெரிஞ்சுதான் குடுத்தேன்." அவள் குரலில் ஒரு நடுக்கமும் இல்லை. "நான் குடுத்ததை வெச்சுத்தான அவர் நடந்தாரு, தின்னாரு, இன்னொருத்தியைக் கட்டினாரு. அதுக்குச் சொன்ன காரணமும் நான் குடுத்ததுதான். எத்தனை நா ராத்திரி அதையே நெனச்சுக்கிட்டு இருந்திருப்பேன்! மூணு பௌர்ணமி காத்திருந்தேன் சிஸ்டர். முதல் மாசம் ஒண்ணும் ஆகல. ரெண்டாம் மாசமும் ஆகல. மூணாம் மாசம் ஆச்சு."

கீழே பெங்களூர் பஸ்ஸுக்கு ஆள் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

அருண்பிரசாத் ஜன்னலிடம் போனான். மூன்றாவது பாட்டிலின் கழுத்தைப் பிடித்தான்.

"சிஸ்டர், இதைக் கொட்டிடலாம். நம்ம நாலு பேருக்குத்தான் தெரியும். கடைக்காரனை நான் பாத்துக்கறேன். பொடி வாங்கினது ஆதிலட்சுமி, குடுத்தது ஆதிலட்சுமி. ஊரே நம்புது. அது அப்படியே போகட்டுமே. அவளுக்குனு கேக்க யாரு இருக்கா?"

காசி அவன் கையிலிருந்து பாட்டிலைப் பிடுங்கினான். ஆனால் அவனைத் திட்ட ரேணுகாம்பாள் வாயெடுப்பதற்குள் தங்கம்மாள் எழுந்துவிட்டாள். மேஜையைப் பிடித்துக்கொண்டு மகனை மேலும் கீழும் பார்த்தாள். பலூனைப் பார்த்தபோதுகூட மாறாத முகம் இப்போது மாறியது.

"அவளுக்குனு கேக்க யாரும் இல்லைனா பழியை அவ மேல தூக்கிப் போட்டுடுவியா?"

"உனக்காகத்தாம்மா..."

"பதினஞ்சு நாளா ஊர் அவளைக் காறித் துப்புறதைப் பாத்தேன். எனக்கும் சந்தோஷமாத்தான் இருந்துச்சு, பொய் சொல்ல மாட்டேன். ஆனா வாழைப்பழத்தைக்கூட வேகவெச்சுக் குடுத்திருக்காளாமே, இந்த ஆட்டோக்கார தம்பி படி ஏறும்போது சொல்லுச்சு. நான் கிட்னி குடுத்தேன், அவ கஞ்சி குடுத்தா. ஒருத்தி கையால பொழைச்சு, வேலை முடிஞ்சதும் அவளையே குப்பைல போடறது உங்கப்பன் புத்தி. அந்த ஆளோட அது எரிஞ்சு போச்சுனு நெனச்சேன். இங்க வந்து நிக்குது."

"அம்மா!"

"நாளைக்குக் கருமாதிக்கு முன்னாடி அவ பெட்டியைக் கொட்டாயில இருந்து எடுத்து நீயே உள்ள வெக்கற. தம்பி, வண்டியை எடு. ஸ்டேஷனுக்குப் போவணும்."

படியிறங்கும்போது மகன் கையை நீட்டினான். அவள் அதைத் தொடவில்லை, ரேணுகாம்பாளின் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். ஆட்டோவில் அவன் ஏறப்போனபோது, "நீ வராத," என்றாள். அவன் பஸ் ஸ்டாண்டு கூட்டத்துக்கு நடுவே நின்றுவிட்டான்.

வண்டி நகர்ந்தது. தேரடித் தெருத் திருப்பத்தில் கூட்ட நெரிசல், காசி ஹாரன்கூட அடிக்கவில்லை. தங்கம்மாளின் கை தன்னையறியாமல் இடது விலாவுக்குப் போனது.

"சுடுகாட்டுக்குப் பொம்பளைங்களை விடமாட்டாங்க இல்ல சிஸ்டர்? அன்னைக்கு நான் வூட்லயேதான் உக்காந்திருந்தேன். மூணு மணி இருக்கும், இந்நேரம் கொள்ளி வெச்சிருப்பாங்கனு நெனச்சேன். அவரோட என்னோடதும் ஒண்ணு உள்ள வேகுதேனு அப்பதான் ஞாபகம் வந்துச்சு."

ரேணுகாம்பாள் அவள் முகத்தைப் பார்த்தாள். அதில் அழுகை இல்லை.

"வேகட்டும்னு விட்டுட்டேன்," என்றாள் தங்கம்மாள்.